மாமா கடைக்குப் போக மாட்டேன் என்றானே, ஏன்?

கேள்வி: மேடம், என் அக்கா மகனுக்கு 14 வயது. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். எந்நேரமும் போனிலேயே கிடக்கிறான் என்று அக்கா போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு நாலு அடியும் போட்டாள். மறுநாள் காலை டியூஷனுக்குப் போகிறேன் என்று கிளம்பியவன் திரும்பவில்லை. இன்றோடு 11 நாள். ஸ்டேஷனில் மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். "பசி எடுத்தா தானா வந்துருவான்மா" என்கிறார்கள். அவன் போட்டோவோடு அக்கா நம்பரையும் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். அதிலிருந்து கண்டவனெல்லாம் போன் செய்கிறான். ஒருவன், பையன் தன்னிடம் இருப்பதாகச் சொல்லி 5,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பச் சொன்னான். தொல்லை தாங்காமல் அக்கா சிம்மையே மாற்றிவிட்டாள். பிள்ளை பிடிக்கிற கும்பல் சுற்றுகிறது என்று வேறு மெசேஜ் வருகிறது. குழந்தைகள் உதவி எண் 1098 என்கிறார்கள், ட்ராக் சைல்டு என்கிறார்கள். அரசாங்கம் நிஜமாகவே தேடுமா, இல்லை நாங்களேதான் அலைய வேண்டுமா? பையன் சாது. கொஞ்ச நாளாகத்தான் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தான். சனி ஞாயிறு என் அண்ணன் கடைக்கு ஒத்தாசைக்குப் போவான். ஒரு மாதமாக அதற்கும் போக மாட்டேன் என்று ஒரே அடம்.

வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: உங்கள் கடிதம் வந்த அன்றே, உடனே செய்ய வேண்டியதை நாலு வரியில் உங்களுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் இங்கே விரிவாக எழுதுகிறேன். பையனை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் அந்தச் சி.எஸ்.ஆர். ரசீது. மனுவைப் பெற்றுக்கொண்டோம் என்பதற்கு மேல் அதற்குப் பெரிய அர்த்தம் இல்லை. பைக் ஆர்.சி. புத்தகம் தொலைந்தாலும் அதைத்தான் தருவார்கள். உங்களுக்கு வேண்டியது எஃப்.ஐ.ஆர். 18 வயது நிரம்பாத யாரைக் காணவில்லை என்று புகார் வந்தாலும் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும், வேறு விதமாகத் தெரியவரும் வரை கடத்தல் அல்லது ஆள் வணிகம் என்று எடுத்துக்கொண்டே விசாரிக்க வேண்டும் என்று 2013 மே 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பச்பன் பச்சாவ் ஆந்தோலன் என்ற அமைப்பு தொடுத்த வழக்கு அது. அதே ஆண்டு நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகத் தெரிகிற எந்தப் புகாருக்கும் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்றது. அந்த வழக்கும் காணாமல் போன சிறுமி ஒருத்தியின் அப்பா, ஸ்டேஷனில் யாரும் கண்டுகொள்ளவில்லை என்று டெல்லி வரை போய்ப் போட்டதுதான்.

"24 மணி நேரம் ஆகட்டும்", "ரெண்டு நாள் பாருங்க" என்பதெல்லாம் எந்தச் சட்டத்திலும் இல்லாத பேச்சு. நாளை காலை ஸ்டேஷனுக்குப் போகும்போது, "இங்கே குழந்தை நலக் காவல் அலுவலர் யார்?" என்று கேளுங்கள். எல்லா ஸ்டேஷனிலும் ஒருவரை அப்படி நியமித்திருக்க வேண்டும் என்பது சிறார் நீதிச் சட்டம். பெயர் கேட்டு ஆளைப் பார்க்க வருபவரிடம் பேசுகிற தொனியே மாறிவிடும், அதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். எஃப்.ஐ.ஆர். போட்டால் நகல் உங்களுக்கு இலவசம். மறுத்தால் சண்டை போட வேண்டாம். அதே மனுவை மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 173-ஆம் பிரிவு அந்த வழியைத் தருகிறது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளிலும் ஒரு பிரதி கொடுங்கள். அப்படியே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கே என்று விசாரித்து அங்கேயும் ஒன்று கொடுத்துவிடுங்கள். இத்தனைக்கும் அசையவில்லை என்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடலாம். இலவச சட்ட உதவி மையத்தில் வக்கீல் கிடைப்பார், காசு செலவில்லை.

எஃப்.ஐ.ஆர்., எஃப்.ஐ.ஆர். என்று நான் இப்படி மல்லுக்கட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. "அரசாங்கம் நிஜமாகவே தேடுமா" என்று கேட்டீர்கள் இல்லையா, அந்தத் தேடல் எப்படி நடக்கிறது என்று சொன்னால் உங்களுக்கே புரியும்.

குழந்தைகள் நலக் குழுவில் நான் உறுப்பினராக இருந்த காலத்தில், ரயில் நிலையத்தில் பிடித்த பிள்ளைகளை எங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார்கள். தனியாகக் கிடைத்த பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழுவிடம் காட்ட வேண்டும் என்பது சட்டம். எழும்பூர், சென்ட்ரல் போன்ற பெரிய நிலையங்களில் ரயில்வே போலீசுக்கும் குழந்தைகள் உதவி மையத்தில் இருப்பவர்களுக்கும் இந்தப் பிள்ளைகளைத் தூரத்திலேயே தெரியும். பெட்டி படுக்கை இருக்காது, ஸ்கூல் பை மட்டும் இருக்கும். வண்டி வந்தாலும் ஏறமாட்டான், போனாலும் எழுந்திருக்க மாட்டான். எங்களிடம் வந்ததும் முதல் வேலையாகப் பொய்ப் பேர் சொல்வான். பெரும்பாலும் நடிகர் பேர்தான். ஊரும் பொய். ஒருவன் சேலம், சேலம் என்று இரண்டு நாள் சாதித்தான். மூன்றாம் நாள் தண்ணீர் கொண்டுபோன அம்மாவிடம், "அங்கிட்டு வைங்கக்கா" என்றான். சேலத்துக்காரன் அங்கிட்டு என்பானா? மதுரைப் பக்கத்து ஸ்டேஷன்களுக்குப் போன் போட்டோம்.

போட்டோமே தவிர, ஒன்றும் கிடைக்கவில்லை. அவன் வீட்டுக்காரர்கள் புகார் கொடுத்திருந்தார்கள், ஆனால் அது வெறும் சி.எஸ்.ஆராகக் கிடந்தது. ட்ராக் சைல்டு என்ற அரசு இணையதளம் இரண்டு பக்கமும் எழுத வேண்டிய நோட்டு மாதிரி. காணாமல் போன பிள்ளையின் விவரத்தைப் போலீஸ் ஒரு பக்கம் ஏற்றுகிறது. கிடைத்த பிள்ளையின் விவரத்தைக் குழந்தைகள் இல்லங்களும் நலக் குழுக்களும் மறுபக்கம் ஏற்றுகின்றன. இரண்டும் பொருந்தினால் பிள்ளை வீட்டுக்குப் போகும். இப்போது அது மிஷன் வாத்சல்யா என்கிற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத் தளத்துக்குள் போய்விட்டது, முறை அதேதான். ஒரு பக்கம் ஏற்றாமலே விட்டால், திண்டுக்கல்லில் நீங்கள் அழுதுகொண்டிருக்க, பையன் வேறொரு மாவட்டத்து இல்லத்தில் கேரம் ஆடிக்கொண்டிருப்பான். கற்பனையாகச் சொல்லவில்லை.

கம்ப்யூட்டரே முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடாதா என்று பலர் கேட்கிறார்கள். 2018-இல் டெல்லியில் முக அடையாள மென்பொருளை வைத்து, இல்லங்களில் இருந்த சுமார் 45,000 பிள்ளைகளின் படங்களை ஒப்பிட்டு நாலே நாளில் 2,930 பேரை அடையாளம் கண்டதாகச் செய்தி வந்தது. அடுத்த ஆண்டே அந்த மென்பொருளுக்கு ஆண் பிள்ளை எது, பெண் பிள்ளை எது என்றே சரியாகத் தெரியவில்லை என்று மத்திய அமைச்சகம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்டது. என் அனுபவத்தில் அதைவிட ஆதார் நன்றாக உதவுகிறது. இல்லத்துப் பிள்ளைக்கு ஆதார் எடுக்கக் கூட்டிப்போனால், ஏற்கெனவே பதிவு இருக்கிறது என்று திரும்பி வரும். அந்த நூலைப் பிடித்து வீட்டைக் கண்டுபிடித்த கதைகள் நிறைய உண்டு. ஆனால் ஐந்து வயதுக்குள் எடுத்த நீல நிற ஆதாரில் கைரேகை இருக்காது. ஐந்து வயதில் ஒரு முறையும் 15 வயதில் ஒரு முறையும் போய்ப் புதுப்பிக்க வேண்டும். உங்கள் பையனுக்கு ஐந்து வயதில் புதுப்பித்தார்களா என்று அக்காவிடம் கேளுங்கள்.

ஆபரேஷன் ஸ்மைல் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2014-இல் உத்தரப் பிரதேசத்தின் காசியாபாத் போலீசார் தொடங்கியது, மறு ஆண்டிலிருந்து நாடு முழுக்க. அதற்கென்று ஒதுக்கிய மாதத்தில் போலீஸ் குழுக்கள் இல்லம், ரயில் நிலையம், செங்கல் சூளை, டீக்கடை என்று இறங்கித் தேடும். நல்ல பலனும் உண்டு. எனக்கு அதில் ஒரே ஒரு குறை. ஒரு மாதம் ஓடி ஓடித் தேடுகிறவர்கள் மற்ற மாதங்களில் ஏன் ஆற அமர இருக்கிறார்கள்? நாலு மாதத்தில் பிள்ளை கிடைக்காவிட்டால் வழக்கை ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். தேதியிலிருந்துதான் அந்த நாலு மாதக் கணக்கு. சி.எஸ்.ஆருக்குக் கணக்கே இல்லை.

1098-க்கும் இன்றைக்கே பேசிவிடுங்கள். 1996-இல் மும்பையில் ஒரு சமூகப் பணிக் கல்லூரியின் முயற்சியாகத் தொடங்கிய எண் அது. தொண்டு நிறுவனங்கள் நடத்திவந்ததை 2023-இல் அரசே எடுத்துக்கொண்டது. பையன் எந்த ஊரில் இருந்து அந்த எண்ணுக்குப் பேசினாலும், உங்கள் புகார் அங்கே முன்பே பதிவாகியிருந்தால் வேலை பாதி குறையும்.

சரி, போட்டோ விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கல்யாண வீட்டில் எடுத்தது, பட்டு வேட்டி சட்டை, பில்டர் போட்டு முகம் மாவு பூசினாற்போல் இருக்கிறது. 11 நாள் வெயிலில் அலைந்த பையனை அதை வைத்து அவன் அம்மாவே அடையாளம் காண முடியாது. சாதாரணமாக எடுத்த, பல் தெரிகிற, பக்கவாட்டிலும் ஒன்று இருக்கிற படங்களைக் கொடுங்கள். உயரம், தழும்பு, மச்சம், போட்டிருந்த செருப்பு, முடி வெட்டு, வீட்டில் கூப்பிடுகிற பேர் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். பொய்ப் பேர் சொல்கிற பையன்கூட, பின்னாலிருந்து செல்லப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் சட்டென்று திரும்பிவிடுவான்.

போஸ்டரில் உங்கள் நம்பர் வேண்டாம். ஸ்டேஷன் நம்பரும் 1098-உம் போதும். பணம் கேட்டவனுக்குப் பத்து பைசா அனுப்பாதீர்கள். நிஜமாகவே பையன் அவனிடம் இருந்தால் போனைப் பையனிடம் கொடுத்துப் பேச வைக்க அரை நிமிடம் ஆகுமா? அவன் நம்பரை எஃப்.ஐ.ஆரிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-இல் சொல்லுங்கள். பையன் கிடைத்த அன்றே போட்ட இடத்திலெல்லாம் படத்தை நீக்கிவிடுங்கள். நாளைக்கு அவன் பள்ளிக்குப் போக வேண்டும், பத்து வருடம் கழித்து வேலைக்குப் போக வேண்டும்.

அந்தப் பிள்ளை பிடிக்கிற கும்பல் மெசேஜை யாருக்கும் அனுப்பாதீர்கள். 2018 மே மாதம் இதே மாதிரி மெசேஜ் சுற்றியபோது, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் கோயிலுக்கு வந்த ஒரு பாட்டி, வழியில் பார்த்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பதற்காக ஊரே கூடி அடித்துக் கொன்றது. அதே வாரம் பழவேற்காட்டிலும் ஒரு மனிதரை அடித்தே கொன்றார்கள். பிள்ளை கடத்துகிறவர்கள் இல்லை என்று சொல்ல வரவில்லை. உங்கள் பக்கத்தில் அவர்கள் முகமூடி போட்டு வருவதில்லை, முன்பணம் கொண்டுவருகிறார்கள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன்களை வடமாநில முறுக்குக் கம்பெனிகளுக்கு அழைத்துப் போனவர்களில் தெரிந்த முகங்கள்தான் அதிகம். போர்வெல் வண்டி, பேக்கரி, பனியன் கம்பெனி என்று எங்கே யார் ஆள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அவன் கூட்டாளிகளிடம் மெதுவாக விசாரியுங்கள். அம்மாவுக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். திட்டாமல் கேட்டால் சொல்வார்கள். வேறு யாருடைய போனிலாவது அவன் இன்ஸ்டாவைத் திறந்தானா என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். யாராவது பாவம் பார்த்து அவனைக் கடையில் சேர்த்துக்கொண்டிருந்தால், 24 மணி நேரத்துக்குள் போலீசுக்கோ 1098-க்கோ சொல்ல வேண்டியது அவர் கடமை. சொல்லாமல் வைத்திருப்பதே குற்றம்.

இனி, நான் திரும்பத் திரும்பப் படித்த வரிக்கு வருகிறேன். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஒரு மாதமாக அண்ணன் கடைக்குப் போக மாட்டேன் என்று அடம்.

போனைப் பிடுங்கியதற்காக ஓடுகிற பையன்கள் உண்டு. அவர்கள் பெரும்பாலும் பாட்டி வீடு, சிநேகிதன் வீடு என்று போவார்கள், கையில் காசு தீர்ந்ததும் வருவார்கள். 11 நாளாக வராதவன், ஒரு மாதமாகக் குணம் மாறியவன், ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு மட்டும் போக மறுத்தவன் என்றால், எனக்குக் கேள்வி வேறு விதமாக எழுகிறது. போன் விவகாரம் கடைசித் துளியாக இருக்கலாம். பாத்திரம் முன்பே நிரம்பியிருந்ததா?

உங்கள் அண்ணனைக் குற்றம் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். தாய்மாமன் என்றாலே நம் வீடுகளில் அதற்கு மேல் கேள்வி கிடையாது, தெரியும். ஆனால் கடை என்றால் அங்கே வேலை செய்கிறவர், சரக்கு இறக்குகிறவர், மாடியில் தங்கியிருப்பவர் என்று பத்துப் பேர் வந்து போகிற இடம். அடித்திருக்கலாம், கூலி கொடுக்காமல் ஏய்த்திருக்கலாம், கல்லாவில் காசு குறைந்ததற்குப் பழி போட்டிருக்கலாம். அதைவிட மோசமான ஒன்றும் நடந்திருக்கலாம். ஆண் பிள்ளைதானே என்று அந்தக் கடைசிச் சந்தேகத்தை மட்டும் யாரும் யோசிப்பதே இல்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டம் பையனுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், பிள்ளைகள் மீதான பாலியல் வன்முறை வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல் செய்தவர் பிள்ளைக்குத் தெரிந்தவர். வாட்ஸ்அப்பில் வருகிற அந்தக் கும்பலுக்குப் பயந்து கதவைப் பூட்டுகிறோம், பூட்டிய கதவுக்கு உள்ளே யார் இருக்கிறார் என்று பார்ப்பதில்லை.

என்ன செய்வது? இப்போது அண்ணனிடம் போய்ச் சண்டை போடாதீர்கள். ஒன்றுமில்லை என்றால் உறவு கெடும், இருக்கிறது என்றால் சம்பந்தப்பட்டவன் உஷாராகிவிடுவான். போக மறுத்த விஷயத்தை மட்டும் போலீசிடமும் 1098-இலும் சொல்லிப் பதிய வையுங்கள். பையன் கிடைத்ததும் நலக் குழு அவனிடம் தனியாகப் பேசும். அப்போது இந்தத் தகவல் அவர்கள் கையில் இருக்க வேண்டும். அவனைக் கடைக்காரர்கள் யாரோடும் ஊருக்கு அனுப்பக் கூடாது என்பதையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பையன் வந்ததும் முதல் கேள்வி "சாப்பிட்டியா" என்றே இருக்கட்டும். "எங்கடா போன, ஏன்டா போன" எல்லாம் பிறகு. சொந்தக்காரர்களை வரிசையாக வரவழைத்து புத்தி சொல்ல வைக்காதீர்கள், அதிலும் கடைக்காரர்களை வேண்டவே வேண்டாம். அவனாக வாயைத் திறந்து ஏதாவது சொன்னால் நடுவில் குறுக்கிடாமல் கேளுங்கள். துருவித் துருவி நீங்களே பத்து தடவை கேட்காதீர்கள். அவன் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி வைத்துக்கொண்டு 1098-க்கோ ஸ்டேஷனுக்கோ தெரிவியுங்கள். குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருந்தால், வீட்டுக்காரர்களே ஆனாலும் போக்சோவில் ஆறு மாதம் வரை தண்டனை உண்டு. மானம் போகும் என்று அக்கா பயப்படலாம். பையனின் பெயரோ படமோ வெளியே வரக் கூடாது என்பது சட்டம். வாக்குமூலத்தை அவன் வீட்டிலேயே, யூனிபார்ம் போடாத அதிகாரி எடுக்க வேண்டும், அவன் நம்புகிற ஒருவர் பக்கத்தில் இருக்கலாம். இரவில் அவனை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. கூடவே வழக்கு முடியும் வரை துணைக்கு ஓர் ஆளை நலக் குழு அமர்த்தித் தரலாம்.

குழுவிலிருந்து அழைப்பு வந்தால் பையனின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு, எஃப்.ஐ.ஆர். நகல், அக்காவோடு அவன் இருக்கிற பழைய படம் ஒன்றிரண்டு எடுத்துப் போங்கள். அன்றைக்கே கையில் கொடுக்காமல் வீட்டை வந்து பார்த்துவிட்டு அனுப்புகிறோம் என்பார்கள். கோபப்படாதீர்கள். உங்கள் பையன் எந்த வீட்டுக்குத் திரும்புகிறான் என்று பார்ப்பது அவர்கள் வேலை.

இன்னொரு விஷயம், எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது. அக்கா சிம்மை மாற்றிவிட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். போன் இல்லாமல் போன பையனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அம்மாவின் பழைய நம்பராகத்தான் இருக்கும். எவனோ பணம் கேட்கிறான், எவனோ தொல்லை செய்கிறான், இருக்கட்டும். தெரியாத அழைப்பை வேறு யாராவது எடுத்துப் பேசட்டும். அந்தப் பழைய சிம்மைத் தேடி எடுத்து, ரீசார்ஜ் செய்து, ஒரு பழைய போனில் போட்டு, இன்று ராத்திரி முதல் சார்ஜரிலேயே வையுங்கள்.